கன்சோலை எல்லா மாட்யூல்களுக்கும் திறந்துவிட்டு நான் பட்ட பாடு

காலை 7 மணிக்கு நான் கணினியின் முன் வந்து அமர்ந்தபோது, முந்தைய இரவு 11.30-க்கு ஓடவிட்டிருந்த நிரல் முடியவும் இல்லை, பிழை என்று எதையும் சொல்லவும் இல்லை. முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டி விடைகளைப் பார்க்கும் கன்சோல் சாளரத்தில், கர்சர் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. வெளியீடு முழுவதையும் எழுதுவதற்காக நான் குறிப்பிட்டிருந்த கோப்பைப் பார்த்தேன். அதன் அளவு 0 பைட். நிரலுக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய, அதிகம் யோசிக்காமல் எண்டர் விசையை ஒருமுறை தட்டினேன். உடனே வட்டு இயங்கத் தொடங்கியது. சில நிமிடங்களில் நிரல் முடிந்து, கோப்பிலும் வரிகள் வந்து நிறைந்தன. இரவெல்லாம் ஏன் நின்றிருந்தது என்று விளங்காவிட்டாலும், முடிந்ததே போதும் என்று நிம்மதி அடைந்தேன். நான்கு நாள் உட்கார்ந்து கையால் திருத்திய 3,100 பதிவுகளை அந்த ஒரு தட்டல் அழித்து, அவற்றின் இடத்தில் பழைய பிழையான பதிவுகளை எழுதிவிட்டது என்பது அன்று மாலை வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, முகவரிகள் எல்லாம் பழையபடியே ஆகிவிட்டனவே என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. காப்பு நகல் இருந்தது. ஆனால் அது திருத்தங்களுக்கு முந்தைய நாள் எடுத்தது.

என்ன மென்பொருள் என்று சொல்லிவிடுகிறேன். பழைய பதிவேடுகளைப் படித்து, சுத்தம் செய்து, சரிபார்த்து, புதிய தரவுத்தளத்தில் ஏற்றி, இறுதியில் அறிக்கை தரும் ஒரு கருவியைத் தனி ஆளாக எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தம் ஆறு மாட்யூல்கள், அதாவது தனித்தனி நிரல் பகுதிகள். ஐந்து பைத்தானில் எழுதியவை. ஏற்றும் வேலையைச் செய்வது மட்டும் சி மொழியில் இருந்த பழைய நிரல், அதைத் துணை நிரலாக அழைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாட்யூலும் தனித்து இயங்க வேண்டும், ஒன்றை மாற்றினால் மற்றொன்று பாதிக்கப்படக் கூடாது என்று தரவு வடிவங்களையும் இடைமுகங்களையும் மிகுந்த கவனத்தோடு பிரித்திருந்தேன். ஆனால் திரையில் எழுதுவதையும் பயனரிடம் கேள்வி கேட்பதையும் பற்றி ஒரு நிமிடம்கூடச் சிந்திக்கவில்லை. எந்த மாட்யூலுக்கு எப்போது தோன்றினாலும் அது எழுதியது. எப்போது ஐயம் வந்தாலும் அது கேட்டது. ஆறு மாட்யூல்களையும் தனித்தனியாகப் பிரித்த பிறகும் அவை அனைத்தும் பகிர்ந்துகொள்ளும் ஒரே பொருளாக முனையம் இருந்தது என்பதும், அதற்கு யாரையும் பொறுப்பாக நான் வைக்கவில்லை என்பதும் பின்னாளில் வந்த எல்லாத் துன்பங்களுக்கும் வேராக அமைந்தன.

காரணத்தைத் தேடுவதில் முதல் இரண்டு நாள்களை வீணாக்கினேன். தரவுத்தளத்தில் பூட்டு விழுந்திருக்கும் என்று நினைத்து அதன் நிகழ்வுப் பதிவுகளை எல்லாம் புரட்டினேன். வலையமைப்பின் மீது ஐயப்பட்டு அதையும் சோதித்தேன். மூன்றாம் நாள்தான் நகல் தரவை வைத்து மீண்டும் ஓடவிட்டு, நிரல் நின்றதும், ஓடும் நிரல் இயக்கமுறைமையிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை அதனோடு இணைத்துப் பார்த்தேன். துணை நிரல் 0 என்ற எண்ணிலிருந்து படிப்பதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரே வரி வந்தது. யூனிக்ஸ் வழி வந்த முறைமைகளில் 0 என்பது உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழை வெளியீடு. அதாவது அந்த நிரல் விசைப்பலகையிலிருந்து பதிலை எதிர்பார்த்து இரவு முழுவதும் காத்திருந்திருக்கிறது. நின்றுபோன நிரலைக் கண்டால் முதலில் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று இப்படிப் பார்த்துவிடுங்கள். ஊகத்தில் இறங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும். அப்படிச் செய்திருந்தால் எனக்கு அந்த இரண்டு நாள்கள் மிச்சமாகியிருக்கும்.

கேள்வி கேட்டது என்றால், கேள்வி ஏன் கண்ணில் படவில்லை? இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இது புதிரே அல்ல. சி மொழியின் நிலையான நூலகம், வெளியீடு முனையத்துக்குப் போனால் வரிவரியாக அனுப்பும். கோப்புக்கோ, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கொண்டுசெல்லும் பைப்புக்கோ போனால் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேர்த்து வைத்து, அது நிரம்பிய பிறகே மொத்தமாக அனுப்பும். பஃபரின் அளவு பெரும்பாலும் 4,096 பைட் அல்லது அதைப் போன்ற ஓர் அளவு. நாம் விலகிப் போனாலும் முனையத்தைத் திறந்தே வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற கருவியின் சாளரத்தில் நான் நிரலை ஓடவிட்டு வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியிருந்தேன். அதனால் "இந்த அட்டவணையை மேலெழுதலாமா?" என்ற கேள்வி பஃபரிலேயே கிடந்தது; உள்ளீடோ டிமக்ஸ் முனையத்தோடு இணைந்தே இருந்தது. பைத்தான் பகுதியின் வரிகளும் அதே காரணத்தால்தான் கோப்புக்கு வந்து சேரவில்லை. நிரலைப் பின்னணியில் ஓடவிட்டிருந்தால்கூட, அது முனையத்திலிருந்து படிக்க முயன்ற உடனேயே இயக்கமுறைமை அதை நிறுத்தி வைத்திருக்கும், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லும் அதை அறிவித்திருக்கும். கேள்வி மறைந்திருக்க, பதில் சொல்லும் வாசல் மட்டும் திறந்திருக்கும் ஓர் அமைப்பை நானே உருவாக்கி வைத்திருந்தேன். ஆகவே கேள்வி கேட்கும் எந்த இடத்திலும், படிப்பதற்கு முன் பஃபரை வெளியேற்றும் கட்டளை இருக்க வேண்டும். நீண்ட நேரம் ஓடும் பைத்தான் நிரலாக இருந்தால் பஃபர் இல்லாமல் ஓடவிடும் தேர்வைப் பயன்படுத்துங்கள். வேறொருவர் எழுதிய சி நிரலின் மூல வரிகள் கையில் இல்லை என்றால், எஸ்டிடிபஃப் என்ற சிறு கருவியைக் கொண்டு பெரும்பாலான நிரல்களை வரிவரியாக எழுத வைக்கலாம்.

அந்தக் கேள்வியின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காத்திருந்ததால் ஓர் இரவுதான் போனது. என் பதிவுகளை அழித்தது வெற்று வரியை "ஆம்" என்று எடுத்துக்கொண்ட வழக்கம். சாதாரணக் கேள்விகளுக்கு அது வசதியாக இருக்கலாம். அழிக்கும், மேலெழுதும், அனுப்பிவிடும் கேள்விகளுக்கு வெற்று வரி எப்போதும் "இல்லை" என்றே பொருள்பட வேண்டும். பெரிய சேதம் விளைவிக்கக்கூடிய இடங்களில் இப்போது நான் அட்டவணையின் பெயரையே தட்டச்சு செய்யச் சொல்கிறேன். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிரல் வேறு வேலையில் இருக்கும்போது பயனர் தட்டிய விசைகள் முனையத்தின் உள்ளீட்டு வரிசையில் காத்திருக்கும். கேள்வி தோன்றிய கணத்தில் அந்தப் பழைய விசைகளே பதிலாகிவிடும். எனவே முக்கியமான கேள்விக்கு முன், காத்திருக்கும் உள்ளீட்டை டிசிஃப்ளஷ் போன்ற செயற்கூற்றால் வெறுமையாக்கிவிட வேண்டும். பயனர் கேள்வியைப் பார்த்த பிறகு தட்டியதை மட்டுமே அவருடைய சம்மதமாகக் கொள்ள முடியும்.

இத்தனையும் புரிந்த பிறகும் நான் சரியான இடத்தில் கை வைக்கவில்லை. உள்ளீட்டை அடைத்துவிட்டால் போதும் என்று எண்ணி, துணை நிரலின் உள்ளீட்டை எப்போதும் வெறுமையாகவே இருக்கும் டெவ்-நல் என்ற சிறப்புக் கோப்புக்குத் திருப்பினேன். அதிலிருந்து படித்தால் உடனே "முடிந்தது" என்ற பதிலே வரும். அந்தப் பழைய நிரலோ படிப்பின் விளைவைச் சோதிக்காமல், ஏற்கத்தக்க பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஒரே கேள்வியை அது இடைவிடாமல் கோப்பில் எழுதிக்கொண்டே போய், வட்டில் மீதமிருந்த 40 ஜிகாபைட் இடத்தையும் நிரப்பிவிட்டது. அதே வட்டில் இருந்த தரவுத்தளமும் எழுத இடமின்றி நின்றது. கேள்வி கேட்கும் வளையம் எதுவானாலும் உள்ளீடு முடிந்துவிட்டதைத் தனி நிலையாகக் கருத வேண்டும், அதோடு இத்தனை முறைதான் கேட்பது என்ற வரம்பும் வேண்டும். பைத்தானில் இந்த நிலை எக்செப்ஷன் என்ற பிழை அறிவிப்பாக எழும் என்பதால் நிரல் குறைந்தபட்சம் உடைந்தாவது விழும். சி மொழியில் நாம் பார்த்தால்தான் உண்டு.

அடுத்து, துணை நிரலின் வெளியீட்டைக் கோப்புக்கு நேராக விடாமல் முதன்மை நிரலே பைப் வழியாக வாங்கி எழுதட்டும் என்று மாற்றினேன். முதலில் வெளியீட்டை இறுதிவரை படிப்பது, அதன் பிறகு பிழை வெளியீட்டைப் படிப்பது என்று எழுதியிருந்தேன். சிறிய தரவுகளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிழைகள் மிகுந்த ஒரு பெரிய கோப்பு வந்த அன்று மீண்டும் இரவு முழுவதும் நின்றது. லினக்ஸில் ஒரு பைப் இயல்பாக 65,536 பைட் வரைதான் தாங்கும். பிழைச் செய்திகள் அந்த அளவைத் தொட்டதும், மேலும் எழுத இடமின்றித் துணை நிரல் காத்திருந்தது. அதன் வெளியீடு முடிவதற்காக முதன்மை நிரல் காத்திருந்தது. ஒன்றை ஒன்று எதிர்பார்த்து இரண்டும் உறைந்துபோயின. இரண்டு வழிகளையும் ஒரே சமயத்தில் படிக்கும் ஏற்பாட்டைப் பைத்தான் நூலகமே கம்யூனிகேட் என்ற பெயரில் தருகிறது. அல்லது பிழை வெளியீட்டை வெளியீட்டோடு சேர்த்து ஒரே பைப்பாக்கிவிடலாம். இந்தத் தவறை என்னைப் போலப் பலர் செய்வதற்குக் காரணம், சோதனைத் தரவு எப்போதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுவதுதான். வேண்டுமென்றே பத்து இலட்சம் பிழை வரிகளைக் கக்கும் ஒரு போலித் துணை நிரலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; ஐந்து நிமிட வேலை.

நான் இதுவரை செய்தவை எல்லாம் ஒட்டுப்போடும் வேலைகள் என்பது, மாட்யூல்களை வேகத்துக்காக இணையாக ஓடவிட்டபோது புலப்பட்டது. பைத்தானில் ஒரு வரியை அச்சிடும்போது உரையும் வரி முடிவும் தனித்தனியாக எழுதப்படலாம் என்பதால், ஒரே நேரத்தில் இணையாக ஓடும் இரண்டு த்ரெட்களின் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. அது கண்ணுக்குத்தான் உறுத்தல். அதைவிடக் கொடியது, சுத்தம் செய்யும் மாட்யூலும் சரிபார்க்கும் மாட்யூலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கேள்வி கேட்டது. திரையில் கடைசியாகத் தெரிந்த கேள்விக்கு வாடிக்கையாளரின் பணியாளர் பதில் சொன்னார். முதலில் படிக்கத் தொடங்கிய மாட்யூல் அதை எடுத்துக்கொண்டது. இரட்டைப் பதிவை நீக்கலாமா என்பதற்கு அவர் சொன்ன "இல்லை", தேதி வடிவத்தை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. திரை காட்டியதை நம்பினார், அவ்வளவுதான். அவரை நான் பழி சொல்லும்படியான நிலை வந்துவிடுமோ என்று நினைத்தபோதுதான் இதை அடிப்படையிலிருந்து மாற்றியே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

மாற்றம் இதுதான். முனையத்தைத் தொடும் உரிமை ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் என்று வைத்தேன். அதற்குக் கன்சோல் காப்பாளர் என்று பெயரிட்டேன். மற்ற எந்த மாட்யூலும் அச்சிடுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. ஒரு மாட்யூல் சொல்ல வேண்டியதைச் செய்தியாக வரிசையில் போடுகிறது: யார் சொல்வது, எவ்வளவு முக்கியம், என்ன விவரம் என்பவையே அதில் இருக்கும், நிறமும் இடைவெளியும் காப்பாளரின் கவலை. கேட்க வேண்டியிருந்தால், கேள்வியின் அடையாளப் பெயர், ஏற்கத்தக்க பதில்கள், பதில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற மூன்றையும் கோரிக்கையாக அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். காப்பாளர் ஒரு நேரத்தில் ஒரு கேள்வியையே திரைக்குக் கொண்டுவருகிறது, கேட்ட மாட்யூலின் பெயரையும் சேர்த்துக் காட்டுகிறது. கேள்வி திரையில் இருக்கும்போது வேறு செய்தி வந்தால், கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், வரியைத் துடைத்து, செய்தியை எழுதி, அடுத்த வரியில் கேள்வியையும் பயனர் அதுவரை தட்டியிருந்த எழுத்துகளையும் மீண்டும் வரைகிறது. இதை நீங்களே எழுத முனைய வேண்டாம். நான் எழுதிப் பார்த்து ஒரு வாரத்தை இழந்தேன். நீளமான வரி மடிந்து இரண்டு வரிகளானால் துடைப்பது பிசகும், பயனர் நடுவில் கர்சரை நகர்த்தியிருந்தால் மறுபடியும் பிசகும். பைத்தானில் பிராம்ப்ட் டூல்கிட், சி மொழியில் ரீட்லைன் போன்ற நூலகங்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன.

கேள்விகளுக்கு அடையாளப் பெயர் வைத்ததன் பயன் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருந்தது. இரவு ஓட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்களை எழுதிய ஓர் அமைவுக் கோப்பைத் தர முடிந்தது. எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று சொல்லும் ஒற்றைத் தேர்வை நான் வேண்டுமென்றே வைக்கவில்லை; நாளை ஒரு மாட்யூலில் புதிதாக ஓர் ஆபத்தான கேள்வி சேர்ந்தால், அதற்கும் அந்தத் தேர்வு இன்றே சம்மதம் சொல்லிவிடும். பெயர் குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே முன்பதில் செல்லும். முன்பதிலும் இல்லை, உள்ளீடும் முனையத்தோடு இணைந்திருக்கவில்லை என்றால், காப்பாளர் காத்திருக்காமல் எந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது என்று பிழை வெளியீட்டில் எழுதிவிட்டு, அதற்கென ஒதுக்கிய முடிவு எண்ணோடு நிரலை நிறுத்திவிடும். முனையத்தோடு இணைப்பு உண்டா என்று அறிய இஸ்-ஏ-டிடிஒய் என்ற செயற்கூறு சி மொழியிலும் பைத்தானிலும் இருக்கிறது. உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முதல் நாள் இரவு என்னிடம் ஒன்று இணைந்தும் மற்றது பிரிந்தும் இருந்ததால்தானே எல்லாம் நடந்தது.

எது எங்கே போக வேண்டும் என்பதையும் அப்போதே ஒழுங்குபடுத்தினேன். அடுத்த நிரல் படிக்க வேண்டிய முடிவு மட்டும் வெளியீட்டுக்கு. முன்னேற்றம், எச்சரிக்கை, கேள்வி அனைத்தும் பிழை வெளியீட்டுக்கு. பிழைக்கென்று தனி வழி உருவானதற்குப் பின்னால் இருக்கும் நிகழ்வை, யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன் நினைவுகூர்ந்திருக்கிறார்: 1970-களில் அங்கு ஒளி அச்சுக்கோப்புப் பொறியில் ஆவணத்தை அச்சிட்டு, காகிதத்தை நீண்ட நேரம் கழுவி எடுத்துப் பார்த்தால், கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி அழகாக அச்சாகியிருக்குமாம். என் அறிக்கை மாட்யூலும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. முன்னேற்றப் பட்டையின் துண்டுகள் அறிக்கையின் அட்டவணைக்குள் புகுந்திருந்தன. நிறத்துக்கான குறியீடுகளும் அப்படியே: 27 என்ற எண்ணுள்ள எஸ்கேப் எழுத்தில் தொடங்கும் அவை, 1978-இல் வந்த விடி100 முனையத்தால் பரவலான மரபைச் சேர்ந்தவை, முனையத்துக்கு மட்டுமே பொருள் தருபவை. முனையம் இல்லாதபோதும், நோ-கலர் என்ற சூழல் மாறி அமைக்கப்பட்டிருக்கும்போதும் அவற்றை அனுப்பக் கூடாது. அட்டவணையை நேராக்கும்போது எழுத்துகளை எண்ணி இடைவெளி விடுவதும் பிழைபடும்; தமிழில் "கி" என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறிகள், யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 6 பைட். திரையில் அது எத்தனை கட்டங்களை அடைக்கும் என்பதைக் கணக்கிடும் நூலகத்தைத்தான் கேட்க வேண்டும்.

கடவுச்சொல் கேட்கும்போது எழுத்துகள் தெரியாமலிருக்க முனையத்தின் எதிரொலிப்பை நிறுத்துவோம். அந்த இடத்தில் நிரல் உடைந்தால், அதன் பிறகு பயனர் தட்டும் எதுவும் திரையில் தெரியாது. கணினியே பழுதாகிவிட்டதோ என்று அவர் அஞ்சுவார். முனையத்தின் நிலையை மாற்றும் ஒவ்வோர் இடத்திலும், எப்படி வெளியேறினாலும் பழைய நிலையை மீட்கும் பகுதி இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டவருக்கு "எஸ்டிடிஒய் சேன்" என்ற கட்டளை கைகொடுக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தட்டிவிட்டு எண்டர் அழுத்தினால் போதும்.

இந்த மாற்றங்கள் எனக்கு மொத்தம் ஐந்து வாரம் பிடித்தன. அவற்றில் மூன்று வாரம் ஒட்டுப்போட்டே கழிந்தது. காப்பாளரை எழுதி மாட்யூல்களை மாற்றியது இரண்டு வாரம்தான், அதிலும் ஒரு வாரம் நூலகத்தைத் தேடாமல் போனதால் வீண். 3,100 பதிவுகளை நானே மீண்டும் திருத்திக் கொடுத்தேன். தாமதத்துக்காகப் பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தேன். பணத்தைவிட, ஒருமுறை செம்மையாகச் செய்த வேலையை அதே முகவரிகளைப் பார்த்து மறுபடியும் செய்ததுதான் என்னை வாட்டியது. தொடக்கத்திலேயே இரண்டு மாட்யூல்கள் இருக்கும்போது இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தால் ஒரு நாள் போதும். இப்போது புதிய திட்டம் எதுவானாலும், மாட்யூல்களின் மூல நிரலில் நேரடியாக அச்சிடும் அல்லது படிக்கும் அழைப்பு இருந்தால் நிரலைத் தொகுக்கும் பில்டே தோல்வியடையும்படி ஒரு தேடலை முதல் நாளிலேயே வைத்துவிடுகிறேன். சோதனைகளில் உண்மையான காப்பாளருக்குப் பதிலாக, வந்த செய்திகளையும் கேள்விகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் ஒரு போலிக் காப்பாளரைக் கொடுக்கிறேன். எந்த மாட்யூல் எந்தச் சூழலில் என்ன கேட்கிறது என்பதை முனையமே இல்லாமல் சரிபார்த்துவிட முடிகிறது. ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடும் முன் உள்ளீட்டை டெவ்-நல் கோப்பிலிருந்தும், வெளியீட்டைப் பைப்புக்கும் கொடுத்து ஒருமுறை ஓடவிடுகிறேன்.

சென்ற மாதம் ஓர் இரவு ஓட்டத்தில், ஏற்றும் மாட்யூலுக்குத் தெரியாத ஒரு புதிய அட்டவணை வந்தது. முன்பதில் கோப்பில் அதற்கு எதுவும் இல்லை. நிரல் அந்த இடத்திலேயே தன் முடிவு எண்ணோடு நின்றது. எச்சரிக்கை என் கைப்பேசிக்கு வந்தது. பதிவுக் கோப்பின் கடைசி வரியில் அட்டவணையின் பெயரும் கேள்வியும் இருந்தன. மேலெழுத வேண்டாம் என்று முன்பதில் கோப்பில் ஒரு வரி சேர்த்து, நின்ற இடத்திலிருந்து மீண்டும் ஓடவிட்டேன். அப்போது மணி இரவு 11.50.